எனக்க கிட்ட கேளுங்க: அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு உரிமை வகுப்பு தொடங்க நினைப்பவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு சமூகக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஒன்பது பேர் கூடுகிறார்கள். எல்லாரும் 18 வயதைத் தாண்டியவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். அதில் ஒருவன் என் தம்பி. தங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது, அதை வாயைத் திறந்து கேட்பது எப்படி என்று பழகுவதுதான் அந்த வகுப்பு.

மூன்று வருடமாக நடக்கிறது. முதல் ஆறு மாதத்தைப் பாழாக்கியது நான்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஐ அச்சடித்துக் கொண்டுபோய்ப் பிரிவு பிரிவாக வாசித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆறாம் மாதம் "உரிமைன்னா என்ன?" என்று கேட்டதற்கு மேல்புறம் என்கிற ஊரிலிருந்து வரும் பையன் "சாயா" என்றான். வகுப்பு முடிந்ததும் சாயா கொடுப்போம், அதனால். இப்போது யோசித்தால் அது ஒன்றும் அவ்வளவு தப்பான பதில் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

உங்கள் ஊரில் இப்படி ஒன்று தொடங்க நினைத்தால், என் ஆறு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

1. வகுப்புக்கு முன்னால் அட்டை

உரிமையைப் பற்றிப் பேசிவிட்டு, கேட்கப் போன இடத்தில் "கார்டு இருக்கா?" என்று திருப்பி அனுப்பினால் அதோடு அவர்கள் மனசு விட்டுவிடும். ஆகவே முதல் மாதம் வெறும் காகித வேலை.

ஒவ்வொருவருக்கும் வேண்டியவை: ஆதார், யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, ரேஷன் கார்டு நகல், வங்கிப் பாஸ்புக், நான்கு பாஸ்போர்ட் அளவுப் படம், பழைய ஐ.க்யூ. பரிசோதனை அறிக்கை இருந்தால் அதுவும். யுடிஐடி இல்லாதவர்களுக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் பதியலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இ-சேவை மையத்தில் செய்தால் அவர்கள் சேவைக் கட்டணம் மட்டும். பிறகு மருத்துவப் பரிசோதனை. நம் மாவட்டத்தில் பெரும்பாலும் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போகவேண்டியிருக்கும். மனநல மருத்துவரும் உளவியலாளரும் எந்தக் கிழமை இருப்பார்கள் என்று முந்தின நாளே கேட்டுவிட்டுப் போங்கள். கேட்காமல் போய் நாங்கள் மூன்று முறை திரும்பி வந்தோம். அதில் ஒரு தடவை, பரிசோதனை நாள் முடிந்து மறுநாள்.

அட்டையின் நிறத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் வாசல்படி. சின்ன வயதில் வாங்கிய சான்றை 18 வயதில் புதுப்பிக்காமல் விட்ட குடும்பங்கள் நிறைய. அதை முதலில் பாருங்கள்.

அட்டை வந்ததும் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய்க்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் வளாகம். நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் போச்சு.

ஒரு வேண்டுகோள். அசல் அட்டையை அம்மாக்கள் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருப்பார்கள். இருக்கட்டும். வண்ண நகல் எடுத்து லேமினேட் செய்து, கழுத்தில் மாட்டாமல், அவரவர் சட்டைப் பையில் வையுங்கள். கழுத்தில் தொங்கினால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்று சொன்னவள் வகுப்பிலேயே குறைவாகப் பேசுகிற பொண்ணு.

2. இடம், நேரம், காசு

இடத்துக்கு வாடகை கொடுக்காதீர்கள். பஞ்சாயத்து சமூகக் கூடம், கோயில் பஜனை மடம், சர்ச் ஹால், பள்ளிவாசல் மதரசா, ஊர் நூலகம் என்று ஏதாவது ஒன்று சும்மா கிடைக்கும். பார்க்க வேண்டியது மூன்றுதான்: கழிப்பறை பூட்டாமல் இருக்கணும், பஸ் நிறுத்தம் நடக்கிற தூரத்தில் இருக்கணும், வேடிக்கை பார்க்க ஜன்னலோரம் ஆள் நிற்காமல் இருக்கணும்.

ஞாயிறு வேண்டாம். பாதி வீட்டில் சர்ச், மீதி வீட்டில் கல்யாணம். ரப்பர் வெட்டப் போகிறவர்கள், அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிற அம்மாக்கள் இவர்களையெல்லாம் கணக்கில் வைத்து நாங்கள் சனிக்கிழமை மூன்று மணியைப் பிடித்தோம். 45 நிமிடம் பாடம், 15 நிமிடம் சாயா. அதற்கு மேல் நீட்டினால் யாருக்கும் பொறுமை இல்லை, எனக்கும்தான். ஜூனில் இடவப்பாதி மழை, ஐப்பசியில் மறுபடியும் மழை. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம் என்பதால் வருடத்தில் எட்டு மாதம்தான் ஒழுங்காக நடக்கும் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸுக்குக் காசு வேண்டாம். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் 2021 முதல் இலவசம். களியக்காவிளைப் பக்கத்துக்காரர்கள் கவனிக்கவும்: கேரள பஸ்ஸில் இது செல்லாது. அவசரத்தில் சிவப்பு பஸ்ஸில் ஏறிவிட்டுக் கண்டக்டரிடம் சண்டை போட வேண்டாம்.

எங்கள் மாதச் செலவு 900 ரூபாயைத் தாண்டியதில்லை. சாயா, பழம், ஜெராக்ஸ், ஸ்கெட்ச் பேனா, அவ்வளவுதான்.

3. பெற்றோரை வெளியே உட்கார வையுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பத்துப் பேர் வகுப்பில் பத்து அம்மா உட்கார்ந்திருந்தால் அது அம்மாக்களின் வகுப்பு. "உனக்கு என்ன பிடிக்கும் மக்கா?" என்று கேட்டு முடிப்பதற்குள், "அவனுக்குக் கிழங்கும் மீனும்னா உயிரு" என்று பதில் வரும். அவன் வாயைத் திறந்திருக்கவே மாட்டான்.

முதல் நாளே சொல்லிவிடுங்கள்: வராந்தாவில் உட்காரலாம், உள்ளே வரக்கூடாது, உள்ளே பேசினதை வீட்டில் போய்த் தோண்டித் துருவக்கூடாது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். ஒருவர் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருவார்.

மாதம் ஒருமுறை பெற்றோருக்குத் தனியாகக் கூட்டம் வையுங்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. "இவளுக்கு வேண்டாம்னு சொல்லப் படிச்சுக் குடுத்தா, நாளைக்கு மாத்திரை வேண்டாம்னு சொல்லுவா" என்றார் ஒரு அப்பா. உண்மையாகவே அந்த மாதம் அவள் மாத்திரையை வேண்டாம் என்றாள். ஏன் என்று முதல்முறையாகக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது தொண்டையில் ஒட்டிக்கொள்கிறதாம். டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றினார்கள்.

4. "ஆமா" என்பதை நம்பாதீர்கள்

நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைத்த பயிற்சி ஒன்றுதான்: "ஆமா" என்றால் திட்டு கிடைக்காது. அதனால் எதைக் கேட்டாலும் "ஆமா" வரும். என் தம்பியிடம் ஒரு நாள் சோதித்தேன்.

"இந்த வகுப்பு பிடிச்சிருக்கா?"

"ஆமா."

"போரடிக்குதா?"

"ஆமா."

"நாளையிலிருந்து வேண்டாமா?"

"ஆமா அக்கா" என்று சிரித்தான்.

ஆகவே ஆமா, இல்லை என்று பதில் வருகிற கேள்வியை மூட்டை கட்டி வையுங்கள். பொருளை முன்னால் வைத்துக் கேளுங்கள். நாங்கள் பழத்தில் தொடங்கினோம். மேசையில் மட்டிப்பழம், செந்துளுவன், ஏத்தன்பழம் என்று மூன்று வகை வாழைப்பழம். ஒவ்வொருவரும் ஒன்றை எடுக்கலாம், ஒன்றும் எடுக்காமலும் இருக்கலாம். முதல் வாரம் எல்லாரும் முதல் ஆள் எடுத்ததையே எடுத்தார்கள். இரண்டாம் வாரம் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் அனுப்பினேன். ஐந்தாம் வாரம் மேல்புறத்துப் பையன் மூன்றையும் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வேண்டாம், வயிறு செரியில்ல" என்றான். நான் போய் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பழத்திலிருந்து சட்டை நிறம், அதிலிருந்து எந்த பஸ், அதிலிருந்து யாரோடு போகணும் என்று போங்கள். மூன்று அட்டை தயார் செய்யுங்கள்: பச்சை 'வேணும்', சிவப்பு 'வேண்டாம்', மஞ்சள் 'புரியல, இன்னொருக்கா சொல்லுங்க'. மஞ்சள் அட்டையைத்தான் அதிகம் பழக்க வேண்டும். பேச்சு வராதவர்களுக்கு இந்த அட்டைதான் வாய். ஒரே கேள்வியை இரண்டு விதமாக, இரண்டு நாளில் கேட்டுப் பாருங்கள். பதில் ஒத்துப்போனால் அது அவர் பதில்.

கேட்டபிறகு பத்து எண்ணும்வரை நீங்கள் பேசக்கூடாது. நான் வாய்க்குள் கமர்கட்டு போட்டுக்கொள்வேன், அப்போதுதான் முடியும்.

இதற்கு மூன்று மாதம் ஆகும். குறைக்காதீர்கள்.

5. சட்டத்தை ஐந்து தாளில் முடியுங்கள்

ஒரு தாளுக்கு ஒரு விஷயம். இடப்பக்கம் படம், வலப்பக்கம் பெரிய எழுத்தில் ஒரே வரி. படம் இணையத்திலிருந்து வேண்டாம். அவர்களையே நிறுத்திப் போனில் எடுத்த படம் போடுங்கள்.

முதல் தாள்: "நானும் எல்லாரும் சமம்." சட்டத்தில் பிரிவு 3. இரண்டாம் தாள்: "எங்கே இருக்கணும், யாரோடு இருக்கணும்னு என்னைக் கேட்கணும்." பிரிவு 5. மூன்றாவது: "என்னை அடிக்கக்கூடாது, ஏமாற்றக்கூடாது." பிரிவு 7. நான்காவது: "என் பணம் என்னுடையது." பிரிவு 13, சொத்து வைத்துக்கொள்ளவும் பண விஷயத்தைத் தானே பார்த்துக்கொள்ளவும் மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு, உதவிக்கு வைத்திருக்கிற ஆளை மாற்றவோ நிறுத்தவோ அவருக்கே உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. ஐந்தாவது: "என்னைக் கேவலமாகப் பேசினால் புகார் கொடுப்பேன்." பிரிவு 92, பலர் பார்க்கும்படி வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு.

பிரிவு எண் அவர்களுக்கு வேண்டாம், உங்களுக்கு வேண்டும். மனு எழுதும்போது எண் போட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஐந்தாவது தாளுக்கு நாங்கள் எடுத்த உதாரணம், முட்டாள் என்று ஏசுகிற 'பொட்டன்' என்கிற வார்த்தை. ஒன்பது பேரில் ஏழு பேரை யாரோ ஒருவர் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் பாதி, வீட்டுக்குள்.

6. உடம்புப் பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

வெட்கப்பட்டு நான் ஒரு வருடம் தள்ளினேன், தப்பு. உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் சரியான பெயர் சொல்லத் தெரியாதவரால் நடந்ததைச் சொல்ல முடியாது. ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் தனித்தனியாக எடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரைக் கேட்டால் பெரும்பாலும் வருவார்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது: பெண்ணுக்கு எதிரான பாலியல் குற்றத்தில், பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளி என்றால் போலீஸ் அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ வந்துதான் வாக்குமூலம் வாங்கணும். சிறப்பு ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் கூட இருக்கணும், வீடியோ எடுக்கணும். ஸ்டேஷனுக்கு வரச்சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். அடி, ஏமாற்று, அடைத்து வைத்தல் போன்றவற்றுக்கு நிர்வாக நடுவரிடமும், அதாவது கோட்டாட்சியர் அல்லது சப்-கலெக்டரிடமும் புகார் கொடுக்கலாம். கோட்டாட்சியர் அலுவலகம் நாகர்கோவிலில், சப்-கலெக்டர் அலுவலகம் பத்மநாபபுரத்தில். வக்கீல் செலவு கிடையாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச உதவி உண்டு, போன் 15100. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இந்த மூன்று எண்ணையும் போனில் போட்டுப் பழக்குங்கள், அழைக்காமல்.

7. ஆபீஸுக்குப் போவது: நீங்கள் பின் நாற்காலியில்

நாலாம் மாதம் வாக்கில் வெளியே கிளம்பலாம். முதலில் கூடத்திலேயே நாடகம். ஒருவர் கண்டக்டர், ஒருவர் ரேஷன் கடைக்காரர், ஒருவர் டாக்டர். கண்டக்டர் வேஷத்துக்கு எங்கள் வகுப்பில் அடிதடி.

பிறகு நிஜம். ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கூட்டம் நெரியும். முதல் தடவையே அங்கே போகாதீர்கள். நூலகம், தபால் நிலையம், பிறகு வி.ஏ.ஓ. ஆபீஸ் என்று படிப்படியாக.

என் தம்பியோடு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். மனுவை அவன்தான் நீட்டினான். வாங்கியவர் என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன வயசு?" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். தம்பி சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்து, "எனக்க கார்டு. எனக்க கிட்ட கேளுங்க" என்றான். அவர் மறுபடியும் என்னையே பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கடைசியில் அவனிடம்தான் கேட்டார். அவன் பிறந்த தேதியைத் தப்பாகச் சொன்னான், அட்டையைப் பார்த்துத் திருத்திக்கொண்டான். நாலு நிமிடத்தில் முடிகிற வேலை இருபது நிமிடம் ஆனது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பைத் தாங்கிக்கொள்ள நீங்களும் பழக வேண்டும்.

கொண்டுபோக ஒரு சின்ன அட்டை தட்டச்சு செய்து கொடுங்கள்: "நான் மெதுவாகப் பேசுவேன். என்னிடமே கேளுங்கள். சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். நன்றி." மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம், ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. கையெழுத்தோ கைநாட்டோ அவருடையதாக இருக்கட்டும். மனு எண் எழுதிய ரசீது வாங்காமல் இடத்தைவிட்டு நகராதீர்கள். போனிலும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றால் அந்த எண்ணோடு மறுபடி போங்கள், அதே ஆளோடு.

8. கார்டியன்ஷிப்புக்கு அவசரப்படாதீர்கள்

18 முடிந்ததும் அம்மா அப்பா தானாகச் சட்டப்பூர்வ பாதுகாவலராக இருப்பது நின்றுவிடுகிறது. உடனே யாராவது, "கார்டியன்ஷிப் எடுத்துடுங்க" என்பார்கள். கணக்குத் திறக்கப் போன எங்களை ஒரு வங்கிக் கிளையில் அப்படித்தான் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், தம்பி தமிழில் நன்றாகவே கையெழுத்துப் போடுகிறவன் என்று காட்டியும்.

1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனால் அதே சட்டம், இந்த நபருக்குப் பாதுகாவலர் தேவையா, எந்தக் காரியத்துக்குத் தேவை என்று குழு முதலில் பார்க்க வேண்டும் என்கிறது. அதனால் விண்ணப்பத்தில் 'எல்லாவற்றுக்கும்' என்று எழுதாதீர்கள். 'நிலப் பத்திரம் தொடர்பாக மட்டும்', 'குடும்ப ஓய்வூதியம் வாங்க மட்டும்' என்று எழுதுங்கள். நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்கணும், வருடாவருடம் கணக்குக் கொடுக்கணும். இது தெரியாமல் வாங்கிவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

வங்கியில் முதலில் பிரிவு 13ஐக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு அந்த இரண்டாவது கடிதத்திலேயே கணக்கு திறந்துவிட்டது.

9. ஓட்டு, அப்புறம் கிராம சபை

"புத்தி சரியில்லாதவங்களுக்கு ஓட்டு கிடையாது" என்று வீட்டுக்கு வீடு நம்புகிறார்கள். நீதிமன்றம் ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று அறிவித்திருந்தால்தான் பெயர் சேர்க்க முடியாது. யுடிஐடி அட்டை அப்படி ஒரு அறிவிப்பு இல்லை. படிவம் 6 நிரப்பிப் பெயர் சேருங்கள், ஏற்கெனவே பெயர் இருந்தால் படிவம் 8இல் மாற்றுத்திறனாளி என்று குறிக்கச் சொல்லுங்கள். தேர்தலுக்கு முன்னால் அட்டைப் பெட்டியில் பட்டன் வரைந்து பழக்குங்கள், ஆனால் நிஜச் சின்னம் எதுவும் போடாதீர்கள். பழக்கூடையும் குடையும் வரைந்தால் போதும் என்று நினைத்து, அவை யாரோ சுயேச்சையின் சின்னமாகிவிடப் போகிறதே என்று நாங்கள் கடைசியில் மட்டிப்பழமும் ஏத்தன்பழமும் வரைந்தோம்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நவம்பர் 1 நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, அதனால் கூட்டம் நன்றாக இருக்கும். அதைக் குறிவையுங்கள். மழை பெய்யும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். அதில் அறிவுசார் குறைபாடுள்ளவருக்கும் இடம் கேட்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. நினையுங்கள், கேளுங்கள்.

ஒரே ஒரு கோரிக்கை, அவர்களே தேர்ந்தெடுத்ததாக. நான் உதவித்தொகை பற்றிப் பேசச் சொல்லலாம் என்று இருந்தேன். கூடத்துக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார இடமில்லை என்பதைத்தான் ஒன்பது பேரும் கேட்டார்கள். எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குறைவாகப் பேசுகிற பொண்ணு எழுந்து, தாளைப் பார்க்காமலேயே, "பெஞ்சு வேணும். கால் வலிக்கி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சொன்னால் போதாது, தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும். கூட்டம் முடிந்து கையெழுத்துப் போடும்போது ஊராட்சிச் செயலரிடம் எந்த எண்ணில் எழுதியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுடையது பதினான்காம் தீர்மானம். பெஞ்சு ஏழு மாதம் கழித்து வந்தது, சிமெண்டில், கொஞ்சம் உயரமாக.